1969 ஷெவெல் வாங்கலாமா? இன்பம் எதில், தொல்லை எதில்

கேள்வியைச் சுருக்கி மறுபடி சொல்லிவிடுகிறேன், பின்னால் படிக்க வருபவர்களுக்கும் புரியும். டல்லாஸில் வேலை. வீட்டில் ஏற்கனவே ஒரு டொயோட்டா, இரண்டு கார் நிற்கும் கராஜ். பக்கத்து ஊரில் 1969 செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க ‘மசில் கார்’ வகை அது; எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட், 396 என்பது இன்ஜினின் கன அங்குல அளவு. இன்ஜின் இப்போதுதான் பிரித்துக் கட்டியது, பெயின்ட் புதிது என்கிறார் விற்பவர். உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரியாது, ஆனால் சின்ன வயதிலிருந்தே ஆசை. வாரம் இரண்டு நாள் ஆபீசுக்கும் எடுத்துப்போக நினைக்கிறீர்கள், 5 வயதுப் பையனையும் ஏற்றிக்கொண்டு சுற்ற ஆசைப்படுகிறீர்கள். வாங்கலாமா, பிற்பாடு விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலையைப் பற்றிய கேள்விபோல இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான்: அரை நூற்றாண்டு தாண்டிய இந்த வண்டியோடு என்னால் குடித்தனம் நடத்த முடியுமா?

முடியும், ஒரு நிபந்தனையோடு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையைப் பானெட்டுக்கு அடியில் செலவழிக்க உங்களுக்குப் பிடிக்க வேண்டும். இன்று தெரியாவிட்டால் பரவாயில்லை, கற்றுக்கொள்ளலாம். பிடிக்கவே பிடிக்காது, காசு கொடுத்துச் செய்துகொள்கிறேன் என்றால் வேண்டாம் என்பேன். கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) பாயின்ட்டும் (தீப்பொறியை முடுக்கும் ஸ்விட்ச்) செட் பண்ணத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இருக்கிற நல்ல ஷாப்களில் வண்டியை விட்டால் எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. இந்த வகை இன்ஜின்களோடு பழகுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வண்டி ஓடுகிற நிலையில் இருப்பது சொந்தக்காரரின் கையால்தான்.

முதலில் ஒரு நினைப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கார்களின் பெருமை வேகம் இல்லை. 1964-ல் பான்டியாக் ஜிடிஓ வந்தபோது கதை வேறு. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் விதி வைத்திருந்தது. பான்டியாக் பிரிவு, 389 கன அங்குல இன்ஜினைத் தனி மாடல் என்று சொல்லாமல், விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் பாக்கேஜ் என்று காட்டி உள்ளே கொண்டுவந்துவிட்டது. அங்கே தொடங்கிய போட்டி 1970-ல் 450 குதிரைத்திறன் ஷெவெல் 454 எல்எஸ்6 வரை போய் உச்சம் தொட்டது. 1971-ல் கம்ப்ரஷன் (சிலிண்டரில் கலவையை அமுக்கும் விகிதம்) குறைக்கப்பட்டது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி, அத்தோடு அந்தக் காலம் முடிந்தது. ஆனால் அன்றைய குதிரைத்திறன் எண்கள் எல்லாம் ‘கிராஸ்’ கணக்கு. ஏர் கிளீனர், சைலன்சர், ஃபேன் போன்றவை இழுக்கும் சக்தியைக் கழிக்காமல், இன்ஜினைத் தனியாக நிறுத்தி எடுத்த அளவு. 1972 முதல்தான் வண்டியில் இருக்கும் நிலையில் அளக்கும் ‘நெட்’ கணக்கு வந்தது. ஆகவே விளம்பரத்தில் 325 என்று இருந்தால் அதை இன்றைய 325-ஓடு ஒப்பிடாதீர்கள். சிக்னலில் ஒரு வி6 குடும்பக் கார் உங்களை முந்திவிடும். அதற்கு வருத்தப்படுகிற மனசு இருந்தால் புது மஸ்டாங் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்பம் வேறு இடத்தில் இருக்கிறது. அடிப்படை 396 இன்ஜின் 6.5 லிட்டர். இழுவை 410 பவுண்டு-அடி, அதுவும் 3,200 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டாலே வண்டி நகர்வதில் ஒரு கனம் தெரியும், இன்ஜினை அலறவிட வேண்டிய அவசியமே இல்லை. சத்தத்துக்கும் காரணம் உண்டு. இந்த இன்ஜினின் எரிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடப்பக்கம், இரட்டைப்படை வலப்பக்கம். கிராங்க் 90 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் வெடிக்கிறது, அதில் ஒழுங்கு தவறுவதில்லை. ஆனால் 8-ம் 4-ம் வலப்பக்கத்திலேயே அடுத்தடுத்து வெடிக்கின்றன, 5-ம் 7-ம் இடப்பக்கத்திலேயே. இடப்பக்கக் குழாயை மட்டும் கவனித்தால் வெடிப்புகளுக்கு நடுவே 270, 180, 90, 180 டிகிரி என்று இடைவெளி மாறிமாறி வரும். ஐடிலில் நிற்கும்போது கேட்கிற அந்த உருட்டும் முழக்கம் இதுதான். பக்கத்துக்கு ஒன்றாகப் போகும் இரட்டைச் சைலன்சர் அதை அப்படியே வெளியே கொண்டுவருகிறது. இன்னொரு இன்பம், பானெட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணில் படும், கைக்கு எட்டும். பாகங்களுக்கும் பஞ்சமில்லை. கதவு ரப்பரிலிருந்து முழு ஃபெண்டர் வரை ஷெவெலுக்குப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இந்த விஷயத்தில் ஷெவெல், கமாரோ, மஸ்டாங் மூன்றும் பாக்கியசாலிகள். அதே காலத்து மெர்குரி, ப்யூயிக் வாங்கியவர்கள் ஒரு அலங்காரப் பட்டைக்காகப் பழைய வண்டிக் காடுகளில் அலைய வேண்டியிருக்கும்.

இனி தொல்லைகள். நிச்சயமானவற்றை முதலில் சொல்கிறேன். பிரேக்: அந்தக் காலத்து ஷெவெல்களில் நிறைய வண்டிகளுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம்தான். ஏறத்தாழ 1,600 கிலோ வண்டியை 60 மைலிலிருந்து ஒருமுறை நன்றாகவே நிறுத்தும். உடனே இரண்டாவது, மூன்றாவது முறை அழுத்தினால் டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பு விடும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவர் டிஸ்க் பிரேக், ஏபிஎஸ்ஸோடு நிற்பார், நீங்கள் நிற்க மாட்டீர்கள். எனவே இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், முன்பக்கம் டிரம்மாக இருந்தால் டிஸ்க் மாற்றும் கிட் போடுவதை முதல் செலவாக வையுங்கள். டிரம்மை வைத்துக்கொள்வதானால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: அதில் இருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர், பின்னால் போகும்போது பிரேக் பிடித்தால்தான் வேலை செய்யும். பெடல் தாழ்ந்திருந்தால் காலி இடத்தில் ரிவர்ஸில் போய்ப் போய் பத்துத் தடவை அழுத்தினால் ஏறிவரும். வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் சூடேறினாலோ, ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருக்கலாம். வெளியே பார்க்க நன்றாகவே தெரியும். மூன்று ஹோஸையும் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுவதுதான் சரி. வீல் அலைன்மென்ட்டுக்குப் போகும்போது 1969 புத்தகத்து எண்ணைக் கொடுக்காதீர்கள். அது அன்றைய பயாஸ் டயருக்காகப் பூஜ்யத்தை ஒட்டி வைத்த கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு. ரேடியல் டயருக்கு முடிந்தவரை பாசிட்டிவ் பக்கம், 2-லிருந்து 3 டிகிரி கேளுங்கள், நேராக ஓடும். டயர் பளபளவென்று இருந்தாலும் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 10 வருடம் தாண்டியிருந்தால் பட்டன் தேயாமல் இருந்தாலும் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

பெட்ரோல். நகரத்துக்குள் கேலனுக்கு 10 மைல் கிடைத்தால் நல்லது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 396-ன் கம்ப்ரஷன் 10.25:1, வார்ப்பிரும்பு ஹெட். ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலை நம்பிச் செய்தது. பங்க்கில் கிடைக்கும் 93 ஆக்டேனைத் தவிர வேறு போடாதீர்கள். அதிலும் கோடை வெயிலில் மேட்டில் டாப் கியரில் மிதிக்கும்போது டின்னில் கூழாங்கல் உருட்டுவதுபோல் நாக்கிங் சத்தம் வந்தால் உடனே காலை எடுங்கள், பிறகு டைமிங்கை (தீப்பொறி வரும் நேரத்தை) 2 டிகிரி குறைத்துப் பாருங்கள். சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டன் உடையும். இன்றைய பெட்ரோலில் கலக்கும் 10 சதவீத எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும் என்பதும் நிச்சயம். டேங்கிலிருந்து பம்ப் வரை இருக்கிற ஒவ்வொரு ஹோஸ் துண்டையும் எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாக மாற்றுங்கள். இது தீப்பிடிக்கும் விஷயம், அழகு விஷயம் இல்லை. இன்றைய பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கவும் செய்யும். சூடான இன்ஜினை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய் 20 நிமிடத்தில் திரும்பினால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இதனால்தான். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் கனமான கேஸ்கெட் போட்டால் பாதிக்கு மேல் சரியாகும்.

சந்தேகத்துக்கு இடமுள்ளது ஈயத்தின் கதை. அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் 1996-ல் முற்றிலும் நின்றது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கடினப்படுத்தாத இரும்பு சீட்டை அடித்து அடித்துக் குழியாக்கும் என்பது உண்மை. ஆனால் அது அதிக வேகத்தில், அதிக பாரத்தில், நீண்ட நேரம் ஓடும்போதுதான் முக்கியமாக நடக்கிறது. வார இறுதியில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆகவே இதற்காகவே நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வேறு காரணத்துக்காகக் கழற்றும் நாள் வந்தால் அப்போது கடின சீட் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் கட்டியதாகச் சொல்லும் இன்ஜினில் போட்டிருக்கிறார்களா என்று மெஷின் ஷாப் பில்லில் பாருங்கள்.

அந்த ‘புதிதாகக் கட்டிய இன்ஜின்’ பற்றி இன்னும் கொஞ்சம். என்னைக் கேட்டால், பில் இல்லாத புது இன்ஜினைவிட, ஒழுங்காக ஓடுகிற பழைய இன்ஜின் மேல். காரணம் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட். இதில் இருப்பது ஃபிளாட் டேப்பட். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் லிஃப்டரின் அடிப்பாகம் கேம் முனையின் மேல் உரசியபடி ஓடும், நடுவில் உருளை கிடையாது. புது கேம் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே ஐடிலில் விடாமல் 2,000-க்கு மேல் ஆர்பிஎம் வைத்து 20-லிருந்து 30 நிமிடம் ஓட்ட வேண்டும். அப்போதுதான் எண்ணெய் தெறித்து லிஃப்டர் சுழன்று பழகும். அதைச் செய்யாமல் ‘சத்தம் கேளுங்க’ என்று ஐடிலில் விட்டவர்களின் கேம் முனைகள் சில நூறு மைலில் வழவழவென்று தேய்ந்து, அந்த இரும்புத்தூள் எல்லா பேரிங்கிலும் போய் உட்காரும். ஆயில் விஷயமும் இதோடு சேர்ந்தது. துத்தநாகம்-பாஸ்பரஸ் சேர்மம்தான் இந்த உரசலைத் தாங்குகிறது. இன்றைய கார்களுக்கான 5டபிள்யூ-30 வகை ஆயில்களில், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் நிறுத்திவிட்டார்கள். சாதாரண வால்வு ஸ்பிரிங் உள்ள, பழகிய கேமுக்கு அது போதுமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1,000 முதல் 1,400 வரை உள்ள, பழைய கார்களுக்கென்றே விற்கும் 10டபிள்யூ-30 கிடைக்கும்போது ரிஸ்க் எதற்கு? ஃபில்டரோடு சேர்த்து 5 குவார்ட்தான் பிடிக்கும்.

தெரிந்துகொள்ள வேண்டிய வேலையில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், எவ்வளவு எளிது என்று புரியும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட்டின் உரசும் கட்டை நாளாக நாளாகத் தேயும். இடைவெளி சுருங்கும், டுவெல் (பாயின்ட் மூடியிருக்கும் கோணம்) கூடும், தீப்பொறி தாமதமாக வரும், வண்டி மந்தமாகும். செவர்லே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் இதற்காகவே ஒரு சின்ன உலோக ஜன்னல் இருக்கிறது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே அதைத் தூக்கி, 1/8 அங்குல ஆலன் கீயை உள்ளே விட்டுத் திருப்பலாம். டுவெல் மீட்டர் இருந்தால் 30 டிகிரிக்கு வையுங்கள். இல்லையென்றால், இன்ஜின் தடுமாறத் தொடங்கும்வரை கடிகார திசையில் திருப்பி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னால் வந்தால் ஏறக்குறைய அதே இடம். அதன் பிறகுதான் டைமிங் லைட் பிடிக்க வேண்டும், ஏனென்றால் டுவெல் மாறினால் டைமிங்கும் மாறும். வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, 9/16 ஸ்பேனரால் அடி கிளாம்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மயிரிழை திருப்பிச் சரிபார்த்து இறுக்குங்கள். அரைமணி நேர வேலை. இது வேண்டாமென்றால் அதே மூடிக்குள் மறைந்துவிடும் எலக்ட்ரானிக் மாட்யூல் போடலாம். முழு 12 வோல்ட் கேட்கும் மாட்யூலாக இருந்தால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் பழைய ரெசிஸ்டன்ஸ் ஒயரிலிருந்து கொடுக்கக் கூடாது. சூடானபின் நின்றுபோகிறது என்ற புகார்களில் நிறைய இதனால்தான் வருகிறது. ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரைக் கெட்டது என்று சொல்லி மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். இரண்டு நாள் நின்றால் ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறதா? அடியில் உள்ள கிணற்று அடைப்புகள் கசிந்து பெட்ரோல் வடிந்திருக்கலாம், பெட்ரோல் தாங்கும் எப்பாக்சியால் அடைத்தால் போதும். பெட்ரோல் வழிந்து புகைகிறதா? மிதவை பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போயிருக்கும், புதிது போடுங்கள்.

இப்போது மிக முக்கியமானது: வாங்கப்போகும் வண்டியின் உடம்பு. இன்ஜின் கெட்டால் ஒரு தொகையோடு முடியும், துரு அப்படி முடியாது. ‘பெயின்ட் புதிது’ என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன், பட்டி பார்த்து மூடியிருக்கலாம். மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தைப் பின்சக்கரத்துக்குப் பின்னால், கதவின் அடிப்பாகம், ஃபெண்டரின் கீழ் மூலை என்று நகர்த்திக்கொண்டே போங்கள். பிடி விடுகிற இடத்தில் கனமாகப் பட்டி இருக்கிறது. டிக்கி விரிப்பைத் தூக்கித் தரையையும் இரு ஓரப் பள்ளங்களையும் பாருங்கள். பின் கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் பெயின்ட் கொப்புளித்திருக்கிறதா? ஷெவெலில் தண்ணீர் தேங்கி முதலில் அரிக்கும் இடம் அது, வழிகிற தண்ணீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். வினைல் கூரை இருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள். பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் இடத்தில் சேசிஸைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று வர வேண்டும், மொத்தென்று வந்தால் உள்ளே அரித்திருக்கிறது. லிஃப்டில் ஏற்ற மாட்டேன் என்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், கையை வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஸ்டார்ட் சிக்கலையும் முதல் நீலப் புகையையும் மறைக்கிறார்கள் என்று பொருள்.

அது உண்மையான எஸ்எஸ்தானா? 1969-ல் எஸ்எஸ் 396 தனி மாடல் இல்லை, இசட்25 என்ற பாக்கேஜ். அதனால் வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்ணை) பார்த்து எஸ்எஸ் என்று நிரூபிக்கவே முடியாது. 1966-லிருந்து 1968 வரை 138 என்று தொடங்கும் எண் காட்டிக்கொடுக்கும், 69-க்கு அந்த வசதி போய்விட்டது. எஸ்எஸ் அல்லாத ஷெவெலான சாதாரண மாலிபுவில் எஸ்எஸ் எழுத்து ஒட்டி விற்பது நெடுநாள் தொழில். நம்பக்கூடிய சான்று காகிதம்தான்: பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேல் கிடைக்கும் தொழிற்சாலை பில்ட் ஷீட், புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற பழைய உத்தரவாதத் தகடு, அன்றைய விற்பனை பில். இன்ஜினின் வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால் சமதளமான பேட் ஒன்றில் குறியீடும் வின் எண்ணின் பகுதியும் குத்தியிருக்கும். அங்கே தொழிற்சாலை மெஷின் விட்ட மெல்லிய இணைகோடுகள் இல்லாமல் மழமழவென்று இருந்தால், அரைத்துவிட்டுப் புதிதாக எண் குத்தியிருக்க வாய்ப்பு உண்டு. பான்டியாக்குக்கு பிஎச்எஸ், 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று காசு கட்டினால் தொழிற்சாலைப் பதிவு கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படி ஒன்று இல்லை. காகிதம் இல்லையென்றால் மாலிபு விலைக்குப் பேசுங்கள். உண்மையில் உங்களுக்கு நான் சொல்வது, 350 இன்ஜின் போட்ட, துருவில்லாத மாலிபுவைத் தேடுங்கள் என்பதுதான். முன்பக்கம் இலகு, பாகங்கள் மலிவு, சூடேறும் தொல்லை குறைவு, ஓட்டும் சுகத்தில் பெரிய குறை ஒன்றுமில்லை.

விலை ஏறுமா என்பதற்கு: காகிதமுள்ள அரிய வண்டிகள் நெடுங்காலமாக மதிப்பைக் காத்து வந்திருக்கின்றன. ஆனால் இன்சூரன்ஸ், கராஜ், ரிப்பேர் எல்லாம் கூட்டினால் லாபம் என்று யாரும் உறுதி தர முடியாது. 60-களில் இளைஞர்களாக இருந்தவர்கள் சந்தையை விட்டுப் போகப்போக என்ன ஆகும் என்பதும் ஊகம்தான். முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது ‘அக்ரீட் வேல்யூ’ என்றே இருக்க வேண்டும், அதாவது முன்பே ஒத்துக்கொண்ட முழுத்தொகை. ‘ஸ்டேட்டட் வேல்யூ’ என்பது கேட்க ஒன்றுபோல் இருந்தாலும், இழப்பு நேரும்போது குறைத்துக் கொடுக்க இடம் வைத்தது.

இங்கேதான் உங்கள் ஆபீஸ் திட்டம் இடிக்கிறது. பழைய கார்களுக்கான பாலிசிகள் பொதுவாகத் தினசரி வேலைக்குப் போய்வருவதை அனுமதிப்பதில்லை. டெக்சஸின் ஆன்டிக் நம்பர் பிளேட்டும் கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி மாதிரியான உபயோகத்துக்குத்தான். சாதாரணப் பதிவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாலிசியை வரிவரியாகப் படித்துவிட்டு எடுங்கள். டல்லாஸ் ஆகஸ்ட் டிராஃபிக்கில் நிற்பதும் இந்த வண்டிக்கு வேதனை. நின்றால் மட்டும் சூடேறுகிறது என்றால் காற்று போதவில்லை: ரேடியேட்டரையும் ஃபேனையும் சூழும் ஷ்ரௌட் இருக்கிறதா, ஃபேன் கிளட்ச் பிடிக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, இல்லையென்றால் கீழ் ஹோஸுக்குள் ஸ்பிரிங் இல்லாமல் அது சப்பிப்போகிறது.

பையன் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 69 ஷெவெலின் பின்சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். பூஸ்டர் சீட்டுக்குத் தோள் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும், குழந்தை சீட்டின் மேல் பட்டையை மாட்டவும் கொக்கி கிடையாது. இந்த வேலையில் அனுபவமுள்ள ஷாப்பில் மூன்று முனை பெல்ட்டுக்கு வலுவூட்டிய தகடு வைத்துப் பொருத்தும்வரை அவன் டொயோட்டாவிலேயே வரட்டும்.

போய்ப் பார்த்துவிட்டு, டிக்கியின் தரை, பின் கண்ணாடியின் கீழ்மூலைகள், இன்ஜின் பேட் மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். வின் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மறைத்துவிடுங்கள். படத்தில் எண்ணின் உண்மையை முழுதாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆனால் நேரில் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்க்கத் தகுந்த வண்டியா, அப்படியே விட்டுவிட வேண்டியதா என்பதைச் சொல்லிவிடலாம்.